சின்னம்மா வேண்டாமென்ற சிமெண்ட் தரை

பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறவளை எல்லாரும் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியைக்கும் அவள் சின்னம்மாதான். பின்பக்கத்து மண்தரையால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழை பெய்தால் பிள்ளைகளின் கால்கள் சேற்றை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவந்துவிடும். முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கக் குனிந்து துடைப்பாள். மூன்று வருஷம் நச்சரித்த பிறகு ஆண்டவன் கண் திறந்தான். திங்கட்கிழமை சிமெண்ட் போடக் கொத்தனார் வருகிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பின்சுவரோரம் குந்தியிருந்தார்கள். தரையில் சின்னச் சின்னப் பொந்துகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஐஸ்குச்சி.

"எறும்புக்கு இவ்வளவு மரியாதையா?" என்றாள் சின்னம்மா.

"எறும்பு இல்ல சின்னம்மா, தேனீ!" என்றாள் ரெட்டைச்சடைக்காரி.

"தேனீ மரத்துலல்ல தொங்கும்? யாரு காதுல பூ சுத்துற?"

"இது வேற. ஒவ்வொரு அம்மாவும் தனியா மண்ணைத் தோண்டி, பூந்தூளை உருட்டி வெச்சு, அதுமேல முட்டை போட்டு மூடிடும். நம்ம தோட்டத்துல கத்தரி இப்படிக் காய்க்குதே, இதுங்க புண்ணியம்தான். முப்பத்தேழு பொந்து எண்ணியிருக்கோம். சிமெண்ட் போட்டா அத்தனையும் உள்ளயே செத்துடும்."

"மேடம்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னோம். முடியாதுன்னுட்டாங்க."

"ஏனாம்?"

ஒரு பையன் போட்டு உடைத்தான்: "உங்க முட்டி பாவமாம்."

சின்னம்மா குனிந்து பொந்துகளைப் பார்த்தாள். எறும்பென்று நினைத்து இதே பொந்துகளில் எத்தனை நாள் துடைத்த தண்ணீரை ஊற்றியிருக்கிறாள்! அந்நேரம் காலெல்லாம் மஞ்சள் பொடி ஒட்டிய ஒரு தேனீ வந்தது. அத்தனை பொந்துகளுக்கு நடுவே யாரிடமும் விலாசம் கேட்காமல் தன் வீட்டுக்குள் நுழைந்தது.

சின்னம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

"சிமெண்ட் வேணாம்மா."

"என்ன விளையாடுறீங்களா? மூணு வருஷமா என் உயிரை எடுத்தது யாரு?"

"நான்தாம்மா. நீங்க மனசு வெச்சீங்க, அதை நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா என் ரெண்டு முட்டிக்காக முப்பத்தேழு தாய் வயித்துல அடிக்கணுமா?"

"நாளைக்கு வலிக்குதுன்னு வந்து நிப்பீங்க."

"நிப்பேன். தைலம் வாங்கிக் குடுங்க."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாயிலிருந்து வாசல்வரை நடைபாதைக்கு மட்டும் சிமெண்ட், சுவரோரத்தில் ஒரு சட்டிக் கலவைகூட விழக்கூடாது என்று கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த மழைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மறித்து நின்றார்கள். கால் கழுவாமல் ஒருவரும் உள்ளே போக முடியவில்லை. சேற்றுச் செருப்போடு தலைமையாசிரியையே வந்தார்.

"மேடம், கால்!" என்றாள் ரெட்டைச்சடைக்காரி.

அவர் மறுபேச்சு பேசாமல் குழாய்க்குத் திரும்பினார். சின்னம்மா சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள். 'ஆண்டவனே, முட்டிக்கு நீ தரை கொடுத்தாய். நான் வேண்டாமென்றேன். பதிலுக்கு இத்தனை பிள்ளைகளையா அனுப்புவாய்?' என்று மனதுக்குள் கும்பிட்டாள். தலைமையாசிரியை விட்டுப்போன ஈரக் காலடிகளைத் துடைக்கக் குனிந்தாள். முட்டி வலிக்கத்தான் செய்தது.