இருமலுக்குக் காத்திருந்த டெர்வ்லா

டெர்வ்லா டூயி இப்போது ஜெர்மனியில் பெரிய ஆபரா இசைநாடக அரங்குகளில் கதாநாயகியாகப் பாடுகிறாள். அவள் படம் வந்த செய்தித்தாளை எங்கள் தபால் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அயர்லாந்தின் மேயோவில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே பாராட்டிவிட மாட்டார்கள். சுவரில் ஒட்டுவதோடு சரி.

நான் ஊர் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். சின்னப் பெண்ணாக அவள் பாட ஆரம்பித்தது என் பக்கத்தில் நின்றுதான். அதில் எனக்குப் பெருமை இல்லை என்றால் பொய். ஆனால் அவளைப் பாடகி ஆக்கியவர் ரொட்டி வண்டி ஓட்டிய ஃபெஸ்டி கீவனி. பாட்டு வகுப்பு கால்வே நகரத்தில்; டூயி வீட்டில் காரே கிடையாது. சனிக்கிழமைதோறும் கடைகளுக்கு ரொட்டி இறக்கி முடித்ததும் ஃபெஸ்டி அவளை ஏற்றிக்கொண்டு போவார். அவள் உள்ளே பாடிக்கொண்டிருக்க, அவர் வண்டியிலேயே உட்கார்ந்து, மேயோ கால்பந்து அணி தோற்பதை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பார்.

"உள்ள என்னதான் சொல்லிக்குடுக்குறாங்க?"

"மூச்சு விட."

"அதுக்கா இவ்ளோ தூரம் வர்றோம்?"

பெட்ரோலுக்குக்கூட எதுவும் வாங்கியதில்லை. ஒன்றே ஒன்று கேட்டார், அதையும் விளையாட்டாக. "நான் செத்தா நீ வந்து பாடணும். இந்த ஆர்கன்காரனைத் தனியா வாசிக்க விட்டுடாதே, எந்திரிச்சு உக்காந்துடுவேன்." அவள் சரி என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எங்களுக்கு அடக்கப் பூசைக்குப் போகாமல் இருக்கத் தெரியாது. மாட்டுச் சந்தையில் ஒருமுறை பார்த்தவன் செத்தாலும் போவோம். வரிசையில் நின்று, வீட்டார் கையைப் பிடித்து, "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்" என்று சொல்லிவிட்டு, ஹாம் சாண்ட்விச்சும் டீயும் முடித்துவிட்டுத் திரும்புவோம். யார் வந்தார்கள் என்பது மறந்துபோகும். வராதவர்களின் பெயர் மறப்பதில்லை.

ஃபெஸ்டி ஒரு புதன்கிழமை இறந்தார். டெர்வ்லா அப்போது டப்ளினில் மாற்றுப் பாடகி. கதாநாயகிக்கு முடியாமல் போனால் அவள் ஏறிப் பாட வேண்டும். அதனால் நிகழ்ச்சி நாட்களில் அரங்கிலிருந்து ஒரு மணி நேர தூரத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அடக்கம் சனிக்கிழமை காலை. அன்று இரவு நிகழ்ச்சி. அடக்கத்தில் அவள் எந்தப் பாட்டு பாடுவாள் என்று கேட்க நான் டூயி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் அம்மா அட்ராக்டா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்து, அவளிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மணிக்குப் பூசை. அஞ்சு மணிக்கெல்லாம் திரும்ப டப்ளின்ல இருப்பே. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தம்மா நேத்திலேருந்து இருமுறாங்கம்மா."

"இருமினா தேன் குடிக்கட்டும்."

"சனிக்கிழமை ஜெர்மனிலேருந்து பாட்டு கேட்டு ஆளெடுக்க வர்றாங்க. அன்னைக்கு நான் ஏறினேன்னா..."

"அப்போ அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டணும்னு உக்காந்திருக்கே."

டெர்வ்லா போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் வயதில் எனக்கு அப்படி ஓர் இருமல் வாய்த்திருந்தால் நானும் நகர்ந்திருக்க மாட்டேன் என்பதும் தெரிந்ததால், கோபத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கோயில் நிரம்பி, வாசலுக்கு வெளியேயும் நின்றார்கள். டெர்வ்லா வரவில்லை. நற்கருணை அப்பம் கொடுத்து முடிந்ததும் அவள் பாட வேண்டிய இடம் வந்தது. வேறு யாரும் பாட வேண்டாம் என்று ஃபெஸ்டியின் மனைவி டீலியா முன்பே சொல்லியிருந்தாள். நான் வாசிக்கட்டுமா என்று ஆர்கன் இருக்கும் மேல்மாடத்திலிருந்து சைகை காட்டினேன். அதற்கும் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரு பாட்டுக்கு ஆகும் நேரம் முழுக்க யாரும் எதுவும் செய்யவில்லை. ஃபாதர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு கதாநாயகி கடைசிவரை அருமையாகப் பாடினாராம். ஜெர்மன்காரர்கள் அவரைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். டெர்வ்லா ஜெர்மனிக்குப் போனது அடுத்த வருடம், ஒரு போட்டியில் ஜெயித்து. அந்தச் சனிக்கிழமையால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை.

போட்டிக்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்தாள். எல்லோரும் அவளிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கடையில் டீலியாவைப் பார்த்ததும் நேரே போய்க் கையைப் பிடித்தாள். நான் வரிசையில் பின்னால் நின்றேன்.

"வேலைன்னா என்ன பண்ண முடியும்," என்றாள் டீலியா. "அன்னைக்கு மேடை ஏறினியா?"

"இல்ல. அவங்களுக்குச் சரியாயிடுச்சு."

"பின்ன என்ன பண்ணே?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

"நாங்களும் அப்படித்தான் உக்காந்திருந்தோம்," என்றாள் டீலியா. பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கடைக்காரரிடம் பால் கேட்டாள்.