ரிட்டயரான துரையும் என் அடுப்படியும்

வேலையில் இருக்கும் துரைக்குச் சமைப்பது சுலபம்; ரிட்டயரான துரைக்குச் சமைப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் அவர் வீட்டிலேயே இருப்பார். வீட்டில் பென்ஷன்காரர் இருக்கிற சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் துரை தேயிலைத் தோட்ட மானேஜர் வேலையை விட்டு, மலைமேல் பிரிஞ்சாங் பக்கம் ஒரு சின்ன பங்களாவை வாடகைக்கு எடுத்தார். சுற்றிலும் அவரைப் போலவே ஊருக்குத் திரும்பாத வெள்ளைக்காரர்கள். அவருக்கு இந்தக் குளிரிலேயே கடைசிவரை இருக்க ஆசை. துரைசானிக்கோ மகள் இருக்கும் இங்கிலாந்துக்குப் போக ஆசை. அவர்கள் போனால் என் வேலையும் போகும். அதனால் நான் துரை கட்சி.

இரண்டு பேருக்குப் பெரட்டு

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். ரிட்டயரான மறுநாளும் துரை அரைக்கால் சட்டை, நீளக் காலுறையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். பழக்கம் விடுமா? அடுப்பில் பாலை வைத்தபடியே நான் ஓடினேன். தோட்டக்காரர் முனியாண்டி மண்வெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்த துரைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்தது. முனியாண்டிதான் சொன்னார்: "தொர, நாய் பேரையும் கூப்பிடுங்க லா, ஒரு ஆளு கூடுமில்ல!"

கடைத் தூள்

வேலையில் இருந்தவரை முதல்தரத் தேயிலை பங்களாவுக்குத் தானாக வந்துவிடும். இப்போது டவுனில் வாங்க வேண்டியதாயிற்று. முதல் வாய் குடித்ததுமே துரை முகம் சுளித்தார். போட்டவள் நான்தானே, பழி என் தலையில். நான் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்கே போய், "எந்த மடையன் தோட்டத்துத் தூள் இது?" என்று கத்தினார். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க தோட்டத்துத் தூள்தான் தொர. நாங்கல்லாம் எப்பவும் குடிக்கிறது இதத்தானே!"

நாற்காலி ஊர்வலம்

கடைசியில் துரைசானி கட்சி ஜெயித்தது. கட்டில், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இருவரும் விமானம் ஏறப் புறப்பட்டார்கள். துரை அன்று யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் முந்தானை நனைய அழுதேன். வேலை போனதற்காக மட்டுமல்ல.

சில மாதம் கழித்து, அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ஒரு டாக்சி மலையேறி வந்தது. முதலில் இறங்கியது துரைசானி! அங்கே மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்களாம். நாள் முழுக்கத் துரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று வெட்கத்தோடு சொன்னார். இங்கே என்றால் டீ குடித்து ஊர்வம்பு பேச எத்தனை வீடு! நல்லவேளை, பங்களா இன்னும் காலியாகத்தான் இருந்தது, உட்காரத்தான் ஒன்றுமில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வராமல் இருவரும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

செய்தி லயத்துக்கு எட்டியதுதான் தாமதம், கட்டிலும் மேசையும் தலைச்சுமையாக மேடேறி வந்தன. எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முனியாண்டியின் மனைவி லெட்சுமி, துரையின் சாய்வு நாற்காலியை வாசலில் இறக்கி, மூச்சு வாங்கச் சொன்னாள்: "இந்தாங்க துரைசானி. இனி ஊருக்குப் போறேன்னு மட்டும் சொல்லாதீங்க லா. இதுல உக்காந்து பழகுன எங்க வீட்டு மனுசன எந்திரிக்க வைக்கவே பெரும்பாடாப் போச்சு!"

அன்றிலிருந்து எந்த வெள்ளைக்காரருக்கு வழியனுப்பு விருந்து நடந்தாலும் நான் வயிறாரச் சாப்பிடுகிறேன், அழுகையை மட்டும் கையிருப்பில் வைத்துக்கொள்கிறேன்.