மூன்று நிமிடம் மோட்டாரை நிறுத்துங்கள்

இந்தப் பிரெஞ்சு ஊரில் விளக்கு மங்குவதே இல்லை. மகள் வீட்டுக்கு வந்து ஆறு குளிர்காலம் ஆகிறது. மின்சாரம் ஒரு முறைகூடத் தளரவில்லை. எனக்கோ அதுவே கவலை. கீழ்வீட்டு மதாம் சனிக்கிழமை பிற்பகலில் நண்பர்கள் ஏழு பேரைக் கூட்டிவைத்துப் பழைய ஜாஸ், ராக், ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளைப் போடுவார். ஒன்பதாவது நாற்காலி எனக்கு. "பக்கத்தில் மோட்டார் ஓடினால் பாட்டு தாழாதா?" என்று முதல் நாளே கேட்டேன். சத்தம் அதிகம் என்று குறை சொல்வதாக நினைத்து, மன்னிப்புக் கேட்டபடி ஒலியைக் குறைத்துவிட்டார்.

அறுபதுகளில் நான் குருவிநத்தம் கிராமத்தில் பள்ளி ஆசிரியன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் சித்தப்பா மகன் ஆரோக்கியம், விடுப்பில் வந்தபோது ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரே ஒரு தட்டும் கொண்டுவந்தான். அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் பாடிய மூன்று நிமிடப் பாட்டு. பின்வயல் ஏழுமலைக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே மின்கம்பி. அவர் பம்பு மோட்டார் ஓடினால் தட்டு சோர்ந்து சுழலும். பாடகர் குரல் கிணற்றுக்குள் இறங்கும். மாலையில் ஊரே விளக்கைப் போட்டிருக்கும், இன்னும் மோசம். பதினான்கு முறை போட்டோம், பதினான்கு முறையும் தாழ்ந்தது. திங்கட்கிழமை ஆரோக்கியம் கப்பலேறுகிறான், பாட்டுப் பெட்டியும் போய்விடும். அதற்குள் ஒரு முறையாவது அந்தக் குரலை அதன் உயரத்தில் கேட்டுவிட வேண்டுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரப்பில் போய் நின்றேன்.

"ஏழுமலை, மூணே நிமிசம் மோட்டார நிறுத்துப்பா."

"இன்னாத்துக்கு வாத்தியாரே? யாருக்கானா ஷாக் அடிச்சிடுச்சா?"

"பாட்டு கேக்கணும்."

"பாட்டா! இங்க நாத்து காயுது. கணக்கு சொல்லிக்குடுத்து சொல்லிக்குடுத்து மண்ட கொழம்பிடுச்சா உனக்கு?"

திட்டிக்கொண்டே நிறுத்தினார். மூன்று நிமிடத்தை நான் நான்காக்கிவிடுவேனோ என்ற சந்தேகத்தில், சேற்றுக்காலோடு எங்கள் சன்னலடியில் வந்து நின்றார்.

அன்றுதான் கேட்டேன். அழுகையும் கும்மாளமும் ஒரே மூச்சில் வந்தன. என் விரல் தாளத்தின் முதல் எண்ணிக்கையில் காத்திருக்க, டிரம் அடி இரண்டாவதில் போய் விழுந்தது, மறுபடி நான்காவதில். எண்ணிப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை, விட்டுவிட்டேன். சாக்ஸஃபோன் எழும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை என் வாழ்நாளில் நான் எண்ணாமல் விட்டது அந்த மூன்று நிமிடம்தான்.

முடிந்தது. சன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"இன்னொரு தபா போடு ஆரோக்கியம். நாத்து எங்க ஓடிடப் போவுது?"

மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் ஏழுமலை போனார். மோட்டார் உறுமிற்று, வாய்க்காலில் தண்ணீர் வந்து விழுந்தது. பாட்டு அதோடுதான் முடிந்ததாக எனக்குப் பட்டது.

போன சனிக்கிழமை மதாம் அதே பாட்டைப் போட்டார். ஓர் இழைகூடத் தாழவில்லை. ஒன்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். பாட்டு முடிந்து மதாம் ஊசியை எடுத்தார். மற்றவர்கள் பெருமூச்சு விட்டு அடுத்த தட்டைத் தேடத் தொடங்கினார்கள். நான் மட்டும் சன்னல் பக்கம் காதைத் திருப்பி, தண்ணீர் விழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.