மூன்றாம் முறையாக வெளிநாடு புறப்பட்டவர்

பேரையூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வளைகுடா நாடொன்றில் எலக்ட்ரீஷியன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் பெட்டி. நிமிடத்துக்கொரு தரம் போனில் செய்தி பார்த்தார். எங்கோ இரண்டு தலைவர்கள் முறைத்துக்கொண்டதில் விமானப் பாதையை அடிக்கடி மூடினார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கிளம்பி, விமானம் ரத்தாகி, வீடு திரும்பியிருக்கிறார்.

"அவுகளுக்கு ரோசம் வந்துச்சுண்ணே, எங்க வீட்டுல ரெண்டு கோழி போச்சு" என்றார்.

"கோழியா?"

"ஒவ்வொரு தடவையும் கறிச்சோறு போட்டுல்ல வழியனுப்புறாக! இன்னைக்கு மாமியா வெறும் ரசம் வச்சுப்புட்டாக."

இருவரும் சிரித்தோம். விசா நாளையோடு முடிகிறது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

மதுரைக்குள் வந்து பழங்காநத்தத்தில் இருவரும் இறங்கியதும் அவர் போனில் தகவல் வந்தது: இன்றும் விமானம் ரத்து. தன் பொறுமைக்கும் எல்லை உண்டென்று ஒரு தலைவர் அறிவித்துவிட்டாராம்.

பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "ஏர்போர்ட்டுக்குள்ள போயிட்டேன்த்தா. இனிமே போனு எடுக்காது, அங்க போயி பேசுறேன்" என்றார்.

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எங்கே போனாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.