அடுக்கத்து இரும்பு

அடுக்கம் மலைக்கிராமத்தில் ஜீப்பை விட்டு இறங்கும்போது மழை விட்டிருக்கிறது. சவரியம்மாளின் தோட்டத்தில் கூலியாட்கள் குழி வெட்டுகிறார்கள். போன வருஷம் வந்த எங்கள் கனிமத் துறை அதிகாரி இந்த இடத்தில் காந்தமானியை வைத்தார், முள் எகிறியது. ஒரு குழிகூட வெட்டிப் பார்க்காமல், இங்கே இரும்புத் தாது உண்டு என்று அறிக்கை எழுதிவிட்டார். அதை நம்பி, மேலே இருப்பவர்கள் இவளுடைய மலைவாழையை வெட்டவைத்து, மறுபடி நடவும் தடை போட்டார்கள். அவருக்குப் பதவி உயர்வு. சரிபார்க்கும் வேலை எனக்கு.

முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி ணங்கென்று மோதுகிறது. துருப்பிடித்த குதிரை லாடங்கள், அள்ள அள்ள வருகின்றன. கார் ரோடு வருவதற்கு முன்னால், துரைமார்களை மலைக்கு மேலே சுமந்த மட்டக்குதிரைகளுக்கு இங்கேதான் லாடம் மாற்றியிருக்க வேண்டும். காந்தமானிக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது என்று இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றி வைத்த மனுஷர், காலுக்குக் கீழே கிடந்ததைப் பார்க்கவில்லை.

"தாது இல்லீங்களா?" என்கிறாள் சவரியம்மாள்.

"இல்லம்மா. பழைய லாடம்தான்."

"அப்ப வாழைய நட்டுக்கிரலாங்களா?"

"அவரோட அறிக்கை மெட்ராசுக்குப் போயிருச்சும்மா. அங்கேருந்து மாத்தி உத்தரவு வரணும்."

அவள் குனிந்து ஒரு லாடத்தை எடுத்து மண்ணைத் தட்டுகிறாள்.

"இதுல ஒண்ண வாசல்ல அடிச்சாலே அதிர்ஷ்டம்பாங்க. என் தோட்டம் பூராவும் கெடந்திருக்கு, பாருங்க சார்."