தெருவில் தேய்ந்த பாட்டு

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த தெருவில் யாரிடமும் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது. படம் ஓடி முடிந்து, பெட்டி கட்டி ஊரை விட்டே போய்விட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சைக்கிள் கடை திறப்பு, எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு சாமி பாட்டு, அடுத்தது அது. காலையில் கடலுக்கு அக்கரையிலிருந்து ஒலிபரப்பாகிற ரேடியோவைத் திருப்பினால் யாராவது ஒருத்தருக்குப் பிறந்தநாளாக இருக்கும். அவருக்காகவும் அதே பாட்டு. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன் என்று ஒருத்தன் ஒருத்தியைக் கெஞ்சுகிற பாட்டு. அவள் போய்த் தொலையட்டுமே, இவனுக்கு என்ன வந்தது என்று இருக்கும் எனக்கு.

எங்கள் வீட்டுக்குக் கூடுதல் தண்டனை. நேர் எதிரே சவுண்டு சர்வீஸ் கடை. வாடகைக்குப் போய் வந்த ஒவ்வொரு குழாயையும் கடைக்கார அண்ணாச்சி வாசலில் வைத்துச் சோதிப்பார். சோதிக்க அவரிடம் இருந்தது அந்த ஒரே இசைத்தட்டுதான் என்று நினைக்கிறேன். ஏன் இதையே போட்டு உயிரை வாங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"இதுல சத்தம் மேலயும் போவுது, கீழயும் போவுது தங்கச்சி. குழாயில கோளாறு இருந்தா காட்டிக் கொடுத்துரும்" என்றார்.

நான் விடாமல் சண்டை போட்டதில், குழாயின் வாயைக் கடல் பக்கமாகத் திருப்பி வைத்துச் சோதிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பாட்டு கொஞ்சம் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஆழ்வார்திருநகரிப் பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். விடியற்காலையில் பாசுரம் காதில் விழுந்து கண்விழித்தவள் என்கிற கொழுப்பு எனக்கு நிறையவே உண்டு. சினிமாப் பாட்டு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. கப்பலின் அடியில் மூட்டைகளைக் கட்டுகிறவர்களுக்கும், மேலே விஞ்சு என்கிற பளுதூக்கியை ஓட்டுகிறவருக்கும் நடுவில், மேல்தளத்து விளிம்பில் நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று குரல் கொடுப்பது அவர் வேலை. குரல் ஒரு நொடி பிந்தினால் கீழே நிற்கிறவன் தலையில் மூட்டை விழும். அந்தக் குரலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிக்கும்போது அந்தப் பாட்டைப் பாடுவார். "ஏங்க, தெருவுல கேக்கது பத்தாதா?" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். என்னைச் சீண்டுவதற்கென்றே இன்னும் உரக்கப் பாடுவார்.

ஒரு ஐப்பசிக் காலையில் காப்பித் தம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்குத் திரும்பியபோது வலது கையும் காலும் விளங்கவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பேச்சு அறவே இல்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பார், காற்றுதான் வரும்.

"பேச்சு வாறதுன்னா இந்தக் கொஞ்ச மாசத்துக்குள்ள வந்துரணும்மா. கோடை தாண்டிட்டா நம்பிக்கை வைக்காதீங்க" என்றார் டாக்டர்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் பேசுவதற்கு இரண்டே பேர். அதில் ஒருவர் வாயடைத்துப் போனால் மற்றவள் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து, "தண்ணி சொல்லுங்க, தண்ணி" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் சொல்லிக்கொடுத்தேன். என் பெயரைச் சொல்லச் சொன்னேன். அப்பா சொன்ன பாசுரங்களையெல்லாம் தினமும் அவர் காதருகே சொன்னேன். பெருமாள் வாயைத் திறந்து வைப்பார் என்று உறுதியாக நம்பினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார், உதட்டை அசைப்பார், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

தெரு அமைதியாகிவிட்டது. ஒரு வீட்டில் ஆள் ஆபத்தாகக் கிடந்தால் அந்தத் தெருவில் குழாய் கட்ட மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் வந்து, "ஏளா, குழாய் கிழாய் ஒண்ணும் கிடையாது. நீ அவரப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போனபோது செருப்புச் சத்தம்தான் கேட்டது. எதிர்க் கடை அண்ணாச்சி தன் குழாய்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, திரேஸ்புரத்தில் மச்சான் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்தார். எத்தனை வருஷம் இந்த அமைதிக்காக நான் சண்டை போட்டிருப்பேன். அது வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. பகல் முழுக்க அவருடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம். வாசல் நிலைப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஏதோ ஒரு குழாயைப் பழுது பார்த்து முடித்து, கைப்பழக்கத்தில், இசைத்தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்துவிட்டார். தெரு அதிர அந்தப் பாட்டு கிளம்பியது. இரண்டு வரி போயிருக்கும். அதற்குள் அவருக்கு எங்கள் வீட்டு நினைப்பு வந்து, பதறிப்போய் முள்ளைத் தூக்கினார். கீச்சென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

என் முதுகுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து, மூன்றாவது வரி வந்தது.

குரல் கரகரவென்று இருந்தது. வாய் கோணியதில் எச்சில் வழிந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுசாக இருந்தது. மூன்று மாதமாகத் தண்ணி என்று சொல்ல முடியாத மனுஷர், எதிர்க் கடையில் நின்றுபோன பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டிருந்தார். முறத்தைப் போட்டுவிட்டுக் கடையைப் பார்த்து ஓடினேன். அரிசி தெருவெல்லாம் சிதறியது. நான் வருகிற வேகத்தைப் பார்த்து அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"தெரியாம போட்டுட்டேன் தங்கச்சி, கை பழக்கம், மன்னிச்சிரு..."

"நிப்பாட்டாதீங்க அண்ணாச்சி! முதல்ல இருந்து போடுங்க! குழாய எங்க வீட்டப் பாத்துத் திருப்புங்க!"

"ஏ தாயி, என்ன சொல்லுத?"

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வாசலுக்கு வந்து, "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தார். நானே குழாயைப் பிடித்துத் திருப்பினேன். பாட்டு வீட்டுக்குள் நேராகப் பாய்ந்தது. கட்டிலில் அவர் கூடவே பாடினார், கடைசி வரி வரைக்கும். அந்த அக்கா அழுதார், அண்ணாச்சி அழுதார். நான் அழவில்லை. பேச்சு வந்துவிட்டது, இனி என்ன என்று பைத்தியக்காரிபோல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இது பேச்சு இல்லம்மா. பாட்டு மூளையில வேற எடத்துல இருக்கு. பலதடவ கேட்டுப் பழகினது, அது பாட்டுக்கு வருது."

டாக்டர் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. தாகமெடுத்து வாயைத் திறந்தால் அந்தப் பாட்டு வந்தது. முதுகு வலித்தால் அந்தப் பாட்டு. பார்க்க வந்த துறைமுகத்து ஆட்களை வாங்க என்று சொல்லப் பார்த்தார், அதற்கும் அந்தப் பாட்டு. வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகு இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசுங்க, பாடாதீங்க, பேசுங்க" என்று கதறினேன். இருந்த சொற்களையெல்லாம் இந்தப் பாட்டு விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றியது. முன்பு அலுப்பாக இருந்தது, இப்போது அதன்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது.

தண்ணி, சோறு, வலி என்ற சொற்களை அந்த மெட்டிலேயே போட்டுப் பாடிக்காட்டினேன். அவரும் முயற்சி செய்வார். முதல் அசை சரியாக வரும், அடுத்ததில் நாக்கு வழுக்கிப் பழைய வரிக்கே போய்விடும். மாசி போனது, பங்குனி போனது. ஒரு சொல்கூட வரவில்லை. வெயில் ஏற ஏற, டாக்டர் சொன்ன கெடுவை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் வேளாவேளைக்கு அவருக்கு வேண்டியதைச் செய்தாக வேண்டுமே. அதனால் அவர் எப்படிப் பாடுகிறார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். முதல் வரியை அவசரமாகப் பாடினால் தாகம். இழுத்துப் பாடினால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கோபம் வந்தால் வரியின் கடைசிச் சொல்லை வெட்டுவார். மூன்றாவது வரியில் ஓரிடத்தில் மெட்டு சட்டென்று நின்று, பிறகு தொடரும். கெஞ்சுகிறவன் மூச்சு வாங்குகிற இடம் அது. வலி இருந்தால் அங்கே அவருக்குக் குரல் உடையும். இத்தனை வருஷம் காதுக்குள் கொட்டியும் அப்படி ஓரிடம் அந்தப் பாட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

சித்திரை முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம். கடற்காற்று இறங்கி, வீடு கொஞ்சம் ஆறியிருந்தது. அவர் பாட ஆரம்பித்தார். நான் கேட்டுப் பழகின எந்த மாதிரியிலும் அது சேரவில்லை. தண்ணீர் கொண்டுபோனேன், தலையை ஆட்டினார். தலையணையை உயர்த்தினேன், அதுவும் இல்லை. புரட்டட்டுமா என்றேன், விசிறட்டுமா என்றேன், வயிறு வலிக்கிறதா என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் பாடிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னதான் வேணும் உங்களுக்கு? எனக்கு விளங்கலையே, நான் என்ன செய்வேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் நிறுத்தினார். கோணின வாயால் சிரித்தார். என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தார். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார், கொஞ்சமும் அவசரமில்லாமல்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவர் பாடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அதை ஒரு பாட்டாக முழுசாகக் கேட்டேன். மெட்டு மேலே ஏறப் பார்த்து, எட்டாமல் இறங்கி, மறுபடி ஏறுகிறது. இரண்டாவது தடவை எட்டுகிறது. எட்டின இடத்தில் நிற்காமல், வெட்கப்பட்டதுபோல் மெதுவாகக் கீழே வருகிறது. அவ்வளவு அழகான ஒன்றை நான் கேட்டதில்லை. பேச்சு இனி வராது என்பதும் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஆனாலும் அவர் பாடி முடித்ததும், "இன்னொரு தடவ பாடுங்க" என்றேன்.