ரெஜினா போட்ட கையெழுத்து

எங்கள் தெருவில் கடைசி வீடு ரெஜினாவுடையது. அதற்கப்பால் கரும்புக் காடு. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டாள். நானும் அப்படித்தான் என்பதால், இருவரும் சேர்ந்து கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போனால் பாதி நாள் பேச்சில்லாமலே போய்விடும்.

அவள் கணவன் டென்னிஸ் சென்னையில் கான்கிரீட் லாரி ஓட்டுகிறான். ஐந்து வருடத்துக்கு முன்னால் பிரிந்தார்கள். அடிதடி ஒன்றும் இல்லை. அவன் அங்கே வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துவிட்டான், அவ்வளவுதான். மாதா கோயில் சாமியார் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். பிறகு டென்னிஸின் பெரியப்பா வியாகுலம் வீட்டில் உட்கார்ந்து முடித்துக்கொண்டார்கள்.

அப்போது அவர்கள் மகள் ஜெனிபருக்கு நான்கு வயது. டென்னிஸின் அம்மா பேத்தியைத் தங்களிடம் விடச் சொன்னாள். ரெஜினா அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான், பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்பது.

"புள்ள வேணும்னா காசு கேக்காத. காசு வேணும்னா புள்ளய வுடு. ரெண்டும் இன்னாத்துக்கு உனக்கு?" என்றார் வியாகுலம். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அதையே முத்திரைத்தாளில் எழுதினார்கள். தனக்கோ பிள்ளைக்கோ எந்தச் செலவும் ரெஜினா கேட்கக்கூடாது. பிள்ளையைக் கேட்டோ பார்க்கவோ டென்னிஸ் வரக்கூடாது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் பக்கத்துச் சாட்சி நான். ஆறாவது வரை படித்தவள், வாசிக்கத் தெரியும். வாசித்துவிட்டுத்தான் போட்டேன். எங்கள் பக்கம் இப்படித்தான் முடித்துக்கொள்வது வழக்கம்.

அந்தத் தாளை ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு மாமியார் பேத்திக்குக் கவுன் கொடுத்தனுப்பினாள். ரெஜினா அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். அவர்கள் கொடுத்த துணியை வாங்கினால்கூடத் தாள் செல்லாமல் போய்விடும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு சரியாகக் கூடவில்லை. கத்தி பிடிக்க முடியாது, கரும்பு வெட்டுக்கும் போக முடியாது. கட்டு அவிழ்த்த நர்ஸ்தான், கள்ளக்குறிச்சி கோர்ட்டில் காசு வாங்காமல் சட்ட உதவி செய்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்றார். நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த வக்கீல் ராதிகா சின்ன வயதுக்காரர். தாளை இரண்டு முறை வாசித்தார். பெற்றவர்கள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் பிள்ளைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்றார். பதினெட்டு வயது வரை தகப்பன் கொடுத்தாக வேண்டும். தாய் சம்பாதித்தால் அதையும் கணக்கில் பார்ப்பார்கள், ஆனால் அதற்காகத் தகப்பனின் பங்கு இல்லையென்று ஆகிவிடாது. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். ரெஜினா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவரு காசு குடுத்தா புள்ளய இட்டுக்கினு பூடுவாராங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. காசு குடுத்தேன்னு சொல்லிப் புள்ளயத் தூக்கிக்கினு போக முடியாது. ஆனா ஒன்னு. பாக்கணும்னு அவரு கேட்டா, நீங்களும் சும்மா முடியாதுன்னு சொல்ல முடியாது. காசு குடுக்கலன்னாலும் அப்படித்தான்."

ரெஜினா தாளை மடித்துக் கவரில் வைத்துக்கொண்டு எழுந்தாள். மனு எழுதவில்லை. சங்கராபுரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், நான் சோகை உரிக்கும் காட்டில் ஜெனிபர் வந்து நின்றாள். யாருடையதோ முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பள்ளிக்கூடம் இல்லையா என்று கேட்டேன்.

"அம்மாவுக்குப் பதிலா நான் வர்றேன் பெரிம்மா," என்றாள்.

யாரும் அவளை அனுப்பவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரெஜினா அந்தச் சட்டையையும் துண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டவில்லை, அழவுமில்லை. சீருடையை எடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகலாமா அக்கா என்று என்னிடம் கேட்டாள்.

டென்னிஸுக்கு நோட்டீஸ் போனதும் வியாகுலம் வந்து வாசலில் நின்றார். நாலு பேர் நடுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது கோர்ட்டுக்குப் போகிறாயே, பேச்சு ஒன்றாக இருக்க வேண்டாமா என்றார். சாட்சி என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"நான் போட்டது என் கையெழுத்து மாமா. எம் புள்ள ஒன்னும் போடல," என்றாள் ரெஜினா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்றாவது வாய்தாவில் டென்னிஸ் சம்பளத் தாளோடு வந்தான். இளைத்திருந்தான். மாதாமாதம் பிள்ளை பேருக்கு வங்கியில் போட ஒப்புக்கொண்டான். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டான். மாதம் முதல் ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, எங்கள் கோயில் வளாகத்தில் இரண்டு மணி நேரம் பார்க்கலாமா, சம்மதமா என்று மாஜிஸ்திரேட் ரெஜினாவிடம் கேட்டார். அவள் கையிலிருந்த பிளாஸ்டிக் கவரை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு "சரிங்க" என்றாள்.

முதல் ஞாயிறு நாங்கள் இருவரும் கோயில் படியில் உட்கார்ந்திருந்தோம். டென்னிஸும் ஜெனிபரும் வேப்பமரத்தடியில். அவன் ஏதோ கேட்க, இவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு கணக்கு நோட்டைத் திறந்து காட்டினாள். அவன் ரொம்ப நேரம் பக்கம் பக்கமாகப் பார்த்தான். ரெஜினா கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது வண்டியோடு காத்திருக்கிறார்களா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. கேட்டில் யாரும் இல்லை.

நேரம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே அவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஐந்து வருடத்தில் முதல்முறையாக ரெஜினாவிடம் பேசினான்.

"அடுத்த மாசம் மொத வாரம் எனக்கு லீவு கெடைக்காது. ரெண்டாவது வாரம் வர்லாமா?"

"கோர்ட்டுல கேட்டுக்கங்க."

அவன் சரியென்று தலையாட்டிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தான். ஜெனிபர் அம்மாவைப் பார்த்தாள். ரெஜினா நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இடது கையால் இழுத்துப் பார்த்தாள்.

"ஓடிப் போய்ச் சொல்லு. ரெண்டாவது வாரமே வரட்டும்."

ஜெனிபர் ஓடினாள். ரெஜினா நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஜிப்பையே இழுத்துக்கொண்டிருந்தாள்.